சமோவாவின் எச்டிஎல்: பொலினீசியருக்கே உரிய இரண்டு மரபணு மாறுபாடுகள் குறித்த நிகழ்வு ஆய்வு

சமோவா, டோங்கா, நியூசிலாந்து முதலிய பசிபிக் தீவுகளின் பூர்வகுடிகளான பொலினீசியரின் இரத்தக் கொழுப்பைப் பற்றி 2023-ஆம் ஆண்டில், ஒரே மனித மரபியல் இதழில், சில மாத இடைவெளியில் இரண்டு ஆய்வுக் கட்டுரைகள் வெளிவந்தன. 'நல்ல கொழுப்பு' என்று நாம் சொல்லிப் பழகிய எச்டிஎல் கொலஸ்ட்ராலைக் குறைத்து, டிரைகிளிசரைடு என்னும் மற்றொரு வகை இரத்தக் கொழுப்பைக் கூட்டும் மாறுபாடு ஒன்று பிடிஎன்எல்9 என்னும் மரபணுவில் இருப்பதாக முதல் கட்டுரை கூறியது. சிஇடிபி என்னும் வேறொரு மரபணுவில் உள்ள மாறுபாடு எச்டிஎல்லைக் கூட்டி, 'கெட்ட கொழுப்பு' எனப்படும் எல்டிஎல்லைக் குறைப்பதாக இரண்டாவது கட்டுரை கூறியது. இரண்டு மாறுபாடுகளும் பசிபிக் தீவு வம்சாவளியினரிடம் காணப்படுபவை. உலகின் பிற மக்களிடம் கிட்டத்தட்ட இல்லாதவை.

இந்த இரண்டையும் அருகருகே வைத்துப் படிக்க ஒரு காரணம் இருக்கிறது. "பசிபிக் தீவினருக்கு எச்டிஎல் குறைவு, அது அவர்கள் மரபிலேயே உள்ளது" என்பது மருத்துவ உரையாடல்களில் எளிதாகப் புழங்கிவிடும் வாக்கியம். ஒரே மரபுக்குள் ஒரு மாறுபாடு கீழே இழுக்கிறது, மற்றொன்று மேலே தள்ளுகிறது என்றால், அந்த வாக்கியத்தில் 'மரபு' என்ற சொல் எதைக் குறிக்கிறது என்று கேட்க வேண்டியிருக்கிறது. சராசரியைப் பற்றிய ஒரு கூற்றைத் தனி மனிதரின் உடலைப் பற்றிய கூற்றாக மாற்றிவிடும் பழக்கம் அந்த வாக்கியத்தில் ஒளிந்திருக்கிறது என்பதே என் கருத்து. அதற்கான சான்றுகளை இந்த ஆய்வு வரிசையாக எடுத்துக்கொள்கிறது.

மரபணுவுக்கு முன்னால் தேங்காய்

மரபணுக்களைத் தொடுவதற்கு முன்பே, பொலினீசியரின் கொலஸ்ட்ரால் மருத்துவ உலகில் பெயர்பெற்றிருந்தது. வெலிங்டனைச் சேர்ந்த நோய்ப்பரவலியல் அறிஞர் இயன் பிரையரும் அவருடைய குழுவினரும் 1960-களிலிருந்து இரண்டு பவளத்தீவுச் சமூகங்களைத் தொடர்ந்து ஆராய்ந்தனர். ஒன்று குக் தீவுகளின் வடபகுதியில் உள்ள புகாபுகா. மற்றொன்று நியூசிலாந்தின் ஆட்சிக்குட்பட்ட டொகெலாவ். அட்டாஃபு, நுகுனோனு, ஃபகாவோஃபோ என்னும் மூன்று பவளத்திட்டுகளால் ஆனது. பவளமணலில் விளைவது குறைவு என்பதால் இரு இடங்களிலும் தேங்காயும் மீனுமே உணவின் அடிப்படை. ஆனால் அளவில் வேறுபாடு இருந்தது. டொகெலாவ் மக்கள் தம் உணவு ஆற்றலில் 63 விழுக்காட்டைத் தேங்காயிலிருந்து பெற்றனர். புகாபுகா மக்கள் 34 விழுக்காட்டை மட்டுமே பெற்றனர்.

டொகெலாவ் மக்களின் இரத்தத்தில் கொலஸ்ட்ரால் அளவு, புகாபுகா மக்களைவிட டெசிலிட்டருக்கு 35 முதல் 40 மில்லிகிராம் வரை கூடுதலாக இருந்தது. 1981-இல் வெளியான கட்டுரை, இவ்வளவு நிறைகொழுப்பு (தேங்காயில் மிகுந்திருக்கும் கொழுப்பு வகை) உண்டும் இரு சமூகங்களிலும் இரத்தக்குழாய் நோய் அரிதாகவே காணப்பட்டது என்றும் பதிவுசெய்தது. அந்த இரண்டாவது செய்தியைத் தேங்காய் எண்ணெயின் ஆதரவாளர்கள் இன்றும் மேற்கோள் காட்டுவார்கள்; முதலாவதைப் பெரும்பாலும் விட்டுவிடுவார்கள். அந்தத் தீவினர் சர்க்கரையை மிகக் குறைவாக உண்டனர், உணவில் மீனும் நார்ச்சத்தும் இருந்தன, நாள் முழுவதும் உடலால் உழைத்தனர் என்பவையும் மேற்கோளுக்குள் வருவதில்லை.

நம் ஆய்வுக்கு இங்கே முக்கியமானது வேறொன்று. நெருங்கிய வம்சாவளியைக் கொண்ட இரு சமூகங்களுக்கு இடையே, உணவு வேறுபாட்டோடு சேர்ந்து, 35 மில்லிகிராமுக்கு மேற்பட்ட வேறுபாடு தோன்றியிருக்கிறது. பின்னர் பேசவிருக்கும் மரபணு மாறுபாடுகளின் விளைவுகளை அளக்கும்போது இந்த எண்ணை மனத்தில் வைத்திருப்பது நல்லது.

1966-இல் டொகெலாவைப் புயல் தாக்கிய பின், அந்நாட்டவரை நியூசிலாந்தில் குடியமர்த்தும் அரசுத் திட்டம் நடைமுறைக்கு வந்தது. ஒரே குடும்பத்தில் சிலர் தீவிலும் சிலர் வெலிங்டன் பகுதியிலும் வாழும் நிலை உருவானதால், பிரையரின் குழுவுக்கு ஓர் இயற்கைச் சோதனைக்கூடமே கிடைத்தது. புலம்பெயர்ந்தோர் உண்ட நிறைகொழுப்பின் அளவு குறைந்தது. ஆனால் மாவுச்சத்தும் சர்க்கரையும் இறைச்சியும் கூடின. அவர்களின் டிரைகிளிசரைடு உயர்ந்து, எச்டிஎல் தாழ்ந்தது. மரபணு மாறவில்லை, கப்பலில் ஏறி இறங்கியதற்குள் அது மாறவும் முடியாது.

சமோவாவில் மக்கள் புலம்பெயராமலேயே உணவு அவர்களைத் தேடி வந்தது. தகரக் குவளையில் அடைத்த மாட்டிறைச்சிக்கு அங்கே 'பிசுப்போ' என்று பெயர். முதலில் வந்திறங்கிய தகர உணவான பட்டாணிச் சூப்பின் ஆங்கிலப் பெயர் திரிந்து உண்டான சொல் அது. திருமணத்துக்கும் இறப்புக்கும் பிசுப்போப் பெட்டிகளைக் கொடுப்பது வழக்கமாகிவிட்டது. அமெரிக்காவில் பெரும்பாலோர் உண்ணாத வான்கோழியின் வால்பகுதி, கொழுப்பு மிகுந்ததும் விலை மலிந்ததுமான இறைச்சியாக அங்கே குவிந்தது. 2007-இல் சமோவா அரசு அதன் இறக்குமதியைத் தடைசெய்தது. 2012-இல் உலக வர்த்தக அமைப்பில் சேர்வதற்கான நிபந்தனைகளின் விளைவாக அந்தத் தடை பின்னர் விலக்கப்பட்டது. ஒரு நாட்டின் டிரைகிளிசரைடு அளவை வணிக ஒப்பந்தம் ஒன்றும் பாதிக்கக்கூடும் என்பதை மரபியல் கட்டுரைகளின் முன்னுரைகள் சொல்வதில்லை.

கடலைக் கடந்த சிறு கூட்டங்கள்

அப்படியானால் மரபணுவைத் தேடுவது வீண் வேலையா? இல்லை. பொலினீசியரின் வரலாறு, பிற இடங்களில் காண முடியாத மாறுபாடுகளை வெளிச்சத்துக்குக் கொண்டுவரும் தன்மை கொண்டது.

லப்பீத்தா பண்பாட்டைச் சேர்ந்த கடலோடிகள் ஏறத்தாழ 2,800 ஆண்டுகளுக்கு முன் டோங்காவையும் சமோவாவையும் அடைந்தனர். வனுவாட்டுவிலும் டோங்காவிலும் கிடைத்த அவர்களின் எலும்புகளிலிருந்து எடுக்கப்பட்ட டிஎன்ஏ, அவர்கள் கிழக்காசிய வழியினர் என்றும், பப்புவா வழிக் கலப்பு பின்னரே நிகழ்ந்தது என்றும் 2016-இல் காட்டியது. இன்றைய பொலினீசியரின் மரபில் ஏறத்தாழ கால்பங்கு பப்புவா வழி வந்தது. சமோவாப் பகுதியில் நெடுங்காலம் தங்கிய பிறகு, சுமார் ஆயிரம் ஆண்டுகளுக்கு முன்தான் கிழக்கு நோக்கிய பெரும் பயணங்கள் தொடங்கின. நியூசிலாந்து 13-ஆம் நூற்றாண்டில் குடியேறப்பட்டது.

ஒவ்வொரு தீவுக்கும் சில படகுகளில் சில குடும்பங்களே சென்றிருக்கும். அந்தச் சிலரில் ஒருவர் உலகில் மிக அரிதான மாறுபாடு ஒன்றைச் சுமந்திருந்தால், சில தலைமுறைகளில் அது அந்தத் தீவில் சாதாரணமானதாகிவிடக்கூடும். இதில் எவருக்கும் எந்த நன்மையும் கிடைத்திருக்க வேண்டியதில்லை, தற்செயலே போதும். இதைத் தோற்றுவர் விளைவு என்பார்கள். பொலினீசிய மரபணுக்கள் என்றவுடன் நெடுங்கடற்பயணப் பட்டினியைத் தாங்கியவர்களின் கதையைச் சொல்லத் தொடங்குவது பலருக்கும் பழக்கம். 1962-இல் ஜேம்ஸ் நீல் முன்வைத்த 'சிக்கன மரபணு'க் கருதுகோளிலிருந்து வரும் கதை அது. கேட்க நன்றாகவே இருக்கிறது. ஆனால் ஒவ்வொரு மாறுபாட்டுக்கும் அந்தக் கதையை ஒட்டவைப்பதற்கு முன், தற்செயலை விலக்கிக் காட்ட வேண்டும்.

அரிய மாறுபாடுகள் எவ்வளவு பயன்தரக்கூடும் என்பதற்கு வேறொரு மக்களிடமிருந்து சான்று உண்டு. அமெரிக்காவின் டல்லஸ் நகரில் கறுப்பின மக்களைச் சேர்த்து நடந்த ஆய்வில், எல்டிஎல் அளவைப் பாதிக்கும் பிசிஎஸ்கே9 என்னும் மரபணுவைச் செயலிழக்கச் செய்யும் இரண்டு மாறுபாடுகள் 2005-இல் கண்டறியப்பட்டன. அவற்றைச் சுமந்தவர்களுக்கு எல்டிஎல் 28 விழுக்காடும், இதயநாள நோய் 88 விழுக்காடும் குறைவாக இருந்ததென்று 2006-இல் மற்றொரு பெரிய ஆய்வு காட்டியது. 2015-இல் அந்தப் புரதத்தைத் தடுக்கும் மருந்துகள் விற்பனைக்கு வந்தன. ஐரோப்பிய வம்சாவளியினரை மட்டும் ஆராய்ந்திருந்தால் அந்த இரு மாறுபாடுகளும் கண்ணில் பட்டிருக்க வாய்ப்பில்லை.

ஐந்தாம் குரோமோசோமின் முனை

சமோவாவில் 2010-இல் ஊர் ஊராகச் சென்று மூவாயிரத்துக்கும் மேற்பட்ட பெரியவர்களின் உடல் அளவுகளும் இரத்த மாதிரிகளும் சேகரிக்கப்பட்டன. பிரவுன் பல்கலைக்கழகத்தின் ஸ்டீவன் மெக்கார்வி நீண்ட காலமாக அங்கே நடத்திவந்த ஆய்வுகளின் தொடர்ச்சி அது. பிட்ஸ்பர்க், சின்சினாட்டி பல்கலைக்கழகங்களின் மரபியலாளர்களும் சமோவாவின் நலத்துறையினரும் அதில் பங்கேற்றனர்.

அந்த மாதிரிகளிலிருந்து முதலில் பெயர்பெற்றது கொழுப்பளவு தொடர்பான மாறுபாடன்று. 2016-இல் வெளியான கட்டுரை 3,072 சமோவர்களின் மரபணுத்தொகுதியை அலசி, ஐந்தாம் குரோமோசோமின் நீண்ட கரத்தின் முனைப்பகுதியில், சிஆர்இபிஆர்எஃப் என்னும் மரபணுவில், உடல் எடையோடு தொடர்புடைய ஒரு மாறுபாட்டைக் கண்டது. அது சமோவர்களிடம் 0.259 என்ற அளவில் பரவியிருந்தது. அதாவது, ஒவ்வொருவரும் தாயிடமிருந்து ஒன்றும் தந்தையிடமிருந்து ஒன்றுமாகப் பெறும் மரபணுப் பிரதிகளில், நான்கில் ஒன்றுக்குச் சற்று மேல். ஒவ்வொரு பிரதியும் உடல் நிறை எண்ணை (பிஎம்ஐ) ஏறக்குறைய 1.4 அளவு கூட்டியது. எடை கூடினால் நீரிழிவும் கூடும் என்பதே எதிர்பார்ப்பு. ஆனால் இம்மாறுபாட்டைச் சுமந்தவர்களுக்கு நீரிழிவு குறைவாக இருந்தது. நியூசிலாந்தின் பூர்வகுடிகளான மாவோரிகளிடமும் அங்கு வாழும் பசிபிக் தீவு மக்களிடமும் அதே முரண் 2018-இல் உறுதிசெய்யப்பட்டது. எடை, சர்க்கரை, கொழுப்பு ஆகிய மூன்றும் கைகோத்தே நடக்கும் என்ற பாடநூல் எண்ணத்தை உடைத்த முதல் பொலினீசிய மாறுபாடு இதுதான்.

பிடிஎன்எல்9 இருப்பதும் அதே குரோமோசோமின் அதே முனைப்பகுதியில்தான். ஆனால் பெயரளவில் ஒரே வட்டாரமானாலும், இரண்டுக்கும் இடையே எண்பது இலட்சம் அளவிலான டிஎன்ஏ எழுத்துகள் கிடக்கின்றன. ஒரே தாலுகாவில் இருக்கும் இரண்டு ஊர்களை ஒரே ஊர் என்று எண்ணிவிடக் கூடாது என்பதுபோலத்தான் இது.

இந்தப் பகுதிக்கும் எச்டிஎல்லுக்கும் ஏதோ தொடர்பு இருக்கலாம் என்ற மங்கலான அறிகுறி மைக்ரோனேசிய, பொலினீசிய மக்களிடம் ஏற்கெனவே தெரிந்திருந்தது. மங்கலாக இருந்ததற்குக் கருவியும் ஒரு காரணம். மரபணுச் சில்லுகள் டிஎன்ஏ முழுவதையும் படிப்பதில்லை. முன்கூட்டியே தேர்ந்தெடுத்த சில இலட்சம் இடங்களை மட்டும் பார்க்கின்றன. அந்த இடங்கள் பெரும்பாலும் ஐரோப்பிய, ஆசிய, ஆப்பிரிக்க மக்களிடம் அறியப்பட்ட மாறுபாடுகளைக் கொண்டு தேர்ந்தெடுக்கப்பட்டவை. சமோவாவுக்கே உரிய ஒரு மாறுபாட்டைச் சில்லு நேரடியாகக் காணாது. அதன் அண்டை வீட்டுக்காரர்களை மட்டுமே காணும். விடுபட்ட எழுத்துகளைக் கணிப்பின் மூலம் நிரப்பலாம் என்றாலும், அதற்கு அதே மக்களில் சிலரின் டிஎன்ஏ முழுமையாகப் படிக்கப்பட்டிருக்க வேண்டும். ஆயிரத்துக்கும் மேற்பட்ட சமோவர்களின் டிஎன்ஏ முழுவதும் படிக்கப்பட்ட பிறகே அது கைகூடியது. இந்த ஆய்வின் திருப்புமுனை என்று நான் கருதுவது இந்த முழுவாசிப்பைத்தான். பின்னர் வந்த புள்ளியியல், எவ்வளவு நேர்த்தியானதானாலும், இதன்மேல் நின்றதே.

2,851 சமோவப் பெரியவர்களின் தரவுகளைக் கொண்டு அப்பகுதியை நுணுகி அலசியபோது, ஒரே ஒரு மாறுபாடு தனித்து நின்றது. அறிகுறிக்குக் காரணம் அதுவே என்பதற்கான நிகழ்தகவு 0.9987 என்று கணக்கிடப்பட்டது. பிடிஎன்எல்9 புரதத்தின் 218-ஆவது இடத்தில் ஆர்ஜினின் என்ற அமினோ அமிலத்தைக் குறிக்க வேண்டிய எழுத்துகள், ஓர் எழுத்து மாறியதால், 'இங்கே நிறுத்து' என்ற கட்டளையாகிவிடுகின்றன. ஐந்நூறுக்கும் மேற்பட்ட அமினோ அமிலங்களால் ஆக வேண்டிய புரதம் பாதி வழியிலேயே அறுந்துபோகிறது. புரதத்தின் ஓர் அமினோ அமிலம் மட்டும் மாறுவதைவிட இது வலுவான சேதம். அதனால்தான் இவ்வகை மாறுபாடுகளை மரபியலாளர்கள் மதிப்புமிக்கவையாகக் கருதுகிறார்கள். அந்த மரபணு வேலைசெய்யாவிட்டால் என்ன நடக்கும் என்பதை இயற்கையே செய்து காட்டிவிடுகிறது.

சமோவா, அமெரிக்க சமோவா, நியூசிலாந்து ஆகிய இடங்களின் பல குழுக்களை ஒன்றுசேர்த்துக் கணக்கிட்டபோது, ஒவ்வொரு பிரதிக்கும் எச்டிஎல் டெசிலிட்டருக்கு 1.60 மில்லிகிராம் குறைவதும், டிரைகிளிசரைடு 12 மில்லிகிராம் கூடுவதும் உறுதியாயின. புள்ளியியல் அளவில் இது மிக வலுவான முடிவு. ஒரு மனிதரின் இரத்த அறிக்கையில் அதே முடிவைத் தேடினால் கண்ணுக்கே தெரியாது. எச்டிஎல் 42 என்று இருப்பதும் 40.4 என்று இருப்பதும் ஆய்வகத்தின் அன்றாட ஏற்றத்தாழ்வுக்குள் கரைந்துபோகும். டொகெலாவுக்கும் புகாபுகாவுக்கும் இடையே உணவு உண்டாக்கிய 35 மில்லிகிராமை இதனருகே வைத்தால் (அது மொத்தக் கொலஸ்ட்ரால், இது எச்டிஎல் என்ற வேறுபாட்டையும் நினைவில் கொண்டுதான்) அளவின் வேறுபாடு விளங்கும். ஆகவே, 'சமோவர்களின் குறைந்த எச்டிஎல்லுக்குக் காரணமான மரபணு' என்று இதை அழைப்பது தவறு. இதன் மதிப்பு வேறு இடத்தில் உள்ளது: எதிர்ப்பாற்றல் தொடர்பான புரதக் குடும்பத்தோடு சேர்த்து எண்ணப்பட்டு வந்த பிடிஎன்எல்9-க்குக் கொழுப்பின் போக்குவரத்தில் ஏதோ பங்கு இருக்கிறது என்பதற்கு, இதுவரை எவரும் எதிர்பார்க்காத ஒரு கதவை இது திறந்திருக்கிறது.

நியூசிலாந்தில் கண்ட மற்றொன்று

சிஇடிபி-யின் கதை இதற்கு நேர்மாறானது. அந்தப் புரதம் என்ன செய்கிறது என்பது பல பத்தாண்டுகளாகத் தெரியும். எச்டிஎல் துகளிலிருந்து கொலஸ்ட்ராலை (எஸ்டர் என்னும் வடிவில்) எடுத்து எல்டிஎல் துகள்களுக்கும், அதைவிட அடர்த்தி குறைந்த விஎல்டிஎல் துகள்களுக்கும் கொடுத்து, பதிலுக்கு டிரைகிளிசரைடைப் பெற்றுவரும் பண்டமாற்றுத் தரகர் என்று அதைச் சொல்லலாம். தரகர் சோம்பினால் எச்டிஎல்லில் சரக்குத் தேங்கும். எல்டிஎல்லுக்குச் சேர்வது குறையும். இப்புரதம் அடியோடு இல்லாமல், எச்டிஎல் மிக உயர்ந்து காணப்படும் குடும்பங்கள் ஜப்பானில் முன்பே விவரிக்கப்பட்டிருந்தன.

நியூசிலாந்தில் மாவோரி, பசிபிக் மக்களின் சிஇடிபி மரபணுவை எழுத்தெழுத்தாகப் படித்தபோது, 177-ஆவது இடத்தில் புரோலினுக்குப் பதில் லியூசின் அமரும் மாறுபாடு வெளிப்பட்டது. ஒவ்வொரு பிரதியும் எச்டிஎல்லை லிட்டருக்கு 0.236 மில்லிமோல் கூட்டியது. நமக்குப் பழக்கமான அலகில் சொன்னால் டெசிலிட்டருக்கு ஏறத்தாழ 9 மில்லிகிராம். எல்டிஎல் லிட்டருக்கு 0.133 மில்லிமோல், அதாவது சுமார் 5 மில்லிகிராம் குறைந்தது. புரதத்தின் செயல்திறன் 27.9 விழுக்காடு தாழ்ந்திருந்ததையும் அளந்து காட்டினார்கள். எச்டிஎல்மீது இதன் விளைவு பிடிஎன்எல்9-இன் விளைவைவிட ஐந்து மடங்குக்கு மேல் பெரியது, திசையோ எதிரானது. மக்கள்தொகையின் சராசரி எச்டிஎல்லைப் பார்த்து எவரும் இதை ஊகித்திருக்க முடியாது.

அப்படியென்றால் இதைச் சுமப்பவர் பாக்கியசாலியா? இங்கேதான் எச்சரிக்கை தேவை. சிஇடிபி-யை மருந்தால் தடுத்து எச்டிஎல்லைக் கூட்டினால் மாரடைப்பு குறையும் என்ற நம்பிக்கையில் மருந்து நிறுவனங்கள் பெரும்பணம் செலவிட்டன. டார்செட்ராபிப் மருந்தின் சோதனை, அதை உட்கொண்டவர்களில் இறப்பு கூடியதால் 2006-இல் நிறுத்தப்பட்டது. டால்செட்ராபிப் 2012-இலும், எவாசெட்ராபிப் 2015-இலும் பயனின்றிக் கைவிடப்பட்டன. அனாசெட்ராபிப் மட்டும் முப்பதாயிரத்துக்கும் மேற்பட்டோரிடம் நடந்த சோதனையில் பெரும் இதயநாள நிகழ்வுகளை 9 விழுக்காடு குறைத்ததென 2017-இல் தெரிந்தது; அந்தப் பயனும் எச்டிஎல் கூடியதால் வந்ததன்று, எல்டிஎல் வகைக் கொழுப்பு குறைந்ததால் வந்தது என்றே விளக்கப்பட்டது. பிறவியிலேயே எச்டிஎல்லைக் கூட்டும் மரபணு மாறுபாடுகள் மாரடைப்பைக் குறைப்பதில்லை என்று 2012-இல் வந்த ஆய்வும் அதே பக்கம் சாய்ந்தது.

இதை மருத்துவமனை மேசைக்குக் கொண்டுவந்து பார்ப்போம். நியூசிலாந்தில் 2018 முதல் அறியப்பட்ட இதயநோய் அபாயக் கணிப்புச் சமன்பாடுகள், மொத்தக் கொலஸ்ட்ராலை எச்டிஎல்லால் வகுத்து வரும் விகிதத்தைப் பயன்படுத்துகின்றன. லிட்டருக்கு மில்லிமோல் என்ற அலகில் மொத்தக் கொலஸ்ட்ரால் 5.0, எச்டிஎல் 1.0 உள்ள ஒருவருக்கு விகிதம் 5. அதே மனிதர் சிஇடிபி மாறுபாட்டின் ஒரு பிரதியோடு பிறந்திருந்தால், எச்டிஎல் 1.24-க்கும் மொத்தக் கொலஸ்ட்ரால் சுமார் 5.1-க்கும் நகர்ந்து, விகிதம் 4.1 என்று ஆகிவிடும். கணிப்பொறி அவருடைய அபாயத்தைத் தாழ்த்திக் காட்டும். அந்தத் தாழ்வில் எல்டிஎல் குறைந்ததற்குரிய சிறு பகுதி உண்மையானது. எச்டிஎல் உயர்ந்ததற்குரிய பெரும்பகுதி, மருந்துச் சோதனைகள் கற்பித்ததை வைத்துப் பார்த்தால், நம்பத்தக்கதன்று. இந்தக் கணக்கு என்னுடையது, எடுத்துக்காட்டுக்காகப் போட்டது. ஆனால் மாறுபாட்டைக் கண்டுபிடித்ததன் நடைமுறைப் பொருள் இத்தகைய இடத்தில்தான் தொடங்குகிறது.

யாருடைய இரத்தம்

2021-இல் 16 இலட்சத்துக்கும் மேற்பட்டோரின் தரவுகளைச் சேர்த்து, இரத்தக் கொழுப்பு மரபியலில் அதுவரை இல்லாத அளவுக்குப் பெரிய ஆய்வு வெளியாயிற்று. ஐரோப்பியர், ஆப்பிரிக்க வழியினர், கிழக்காசியர், இலத்தீன் அமெரிக்கர், தெற்காசியர் என்ற ஐந்து பிரிவுகள் அதில் இருந்தன. பசிபிக் தீவினருக்குத் தனிப் பிரிவு இல்லை. பிடிஎன்எல்9 மாறுபாட்டைக் கண்டது மூவாயிரத்துக்கும் குறைவானவர்களிடம் நடந்த ஆய்வு என்பதை இதனருகே வைத்து எண்ணிப் பார்க்கலாம்.

பசிபிக் மக்கள் இத்தகைய ஆய்வுகளுக்கு எளிதில் இரத்தம் தருவதில்லை என்றால் அதற்குக் காரணங்கள் உண்டு. 2000-ஆம் ஆண்டின் இறுதியில் ஆஸ்திரேலியாவின் ஆட்டோஜென் நிறுவனம் டோங்கா மக்களின் மரபணுத் தரவுகளுக்கு உரிமை பெறும் ஒப்பந்தத்தை அறிவித்தபோது, திருச்சபைகளும் மக்களாட்சி இயக்கத்தினரும் எதிர்த்தனர், திட்டம் கைவிடப்பட்டது. 2006-இல், வன்முறையோடு தொடர்புபடுத்தப்பட்ட 'போர்வீரர் மரபணு' மாவோரிகளுக்கு இருப்பதாக வந்த செய்தி நியூசிலாந்தில் பெரும் சினத்தை உண்டாக்கியது. ஒரு மாறுபாட்டின் பரவலைச் சமூகத்தின் குணமாக மொழிபெயர்த்ததே அந்தத் தவறு. 'பொலினீசியரின் கொழுப்பு மரபணு' என்ற தலைப்பும் அதே வழியில் செல்லக்கூடியது.

ஆகவே அடுத்த வேலை இரண்டு இடங்களில் காத்திருக்கிறது. ஒன்று ஆய்வகத்தில்: 218-ஆவது இடத்தில் அறுந்த பிடிஎன்எல்9 எந்தத் திசுவில், எந்த வழியில் டிரைகிளிசரைடைக் கூட்டுகிறது என்பதைக் காட்டுவது. மற்றொன்று சமோவாவின் தலைநகர் ஆப்பியாவிலும் நியூசிலாந்தின் ஆக்லாந்திலும் உள்ள மருத்துவமனைகளில்: இம்மாறுபாடுகளைச் சுமப்பவர்களையும் சுமக்காதவர்களையும் ஆண்டுக்கணக்கில் தொடர்ந்து, எச்டிஎல் எண்ணில் தெரியும் வேறுபாடு அவர்களின் இதயநாளங்களில் தெரிகிறதா என்று பார்ப்பது. இரண்டாவது வேலைக்கு, 2010-இல் சமோவாவின் ஊர்களில் இரத்தம் கொடுத்தவர்களின் வீட்டுக் கதவுகளை மறுபடியும் தட்ட வேண்டியிருக்கும்.